எஃப்2 விசையிலிருந்து கையை எடு

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் அடையாள அட்டை வேலை குவியும். தேனி வட்டாரத்தில் உத்தமபாளையம், சின்னமனூர், ஆண்டிபட்டி என்று எந்த ஊர் ஸ்டுடியோவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். போட்டோகிராபர் பகல் முழுக்க வகுப்பு வகுப்பாகப் படம் எடுத்துவிட்டு, சாயங்காலம் மெமரி கார்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். கார்டில் எண்ணூறு முகங்கள். ஒவ்வொன்றுக்கும் கேமரா தானாக வைத்த பெயர்: டிஎஸ்சி_0412, டிஎஸ்சி_0413, டிஎஸ்சி_0414. அச்சுக்கு அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொரு படத்தின் பெயரும் அந்தப் பிள்ளையின் சேர்க்கை எண்ணாக இருக்க வேண்டும்.

அந்த வேலையை யாரிடம் தள்ளுவார்கள்? உன்னிடம்தான். எஃப்2 விசையை அழுத்து, பழைய பெயரை அழி, பட்டியலைப் பார், எண்ணைத் தட்டு, என்டர். மறுபடி எஃப்2. எண்ணூறு தடவை. இரவு பத்து மணிக்கு ஓனர் எட்டிப் பார்த்து, "ஏப்பா, இன்னும் முடியலையா?" என்பார். மறுநாள் வேறு யாரிடமோ, "பய ரொம்பப் பொறுமைசாலி, உக்காந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டான்" என்று பாராட்டுவார்.

தம்பி, தங்கச்சி, அந்தப் பாராட்டை வாங்காதே. உன் பொறுமை அரிய பொருள். அதை எஃப்2 விசையில் கொட்டுவதற்காக உன் அம்மா உன்னைப் பெறவில்லை. நீ பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்துவிட்டு இந்த மேசைக்கு வந்திருக்கலாம். இங்கிலீஷ் தடுமாறலாம். "கோடிங் எல்லாம் பெங்களூருக்குப் போன ஆட்களுக்கு" என்று யாரோ உன் காதில் ஓதியிருக்கலாம். அத்தனையும் பொய். எண்ணூறு பெயரையும் ஒரே மூச்சில் மாற்றும் ஆற்றல் உன் எதிரே இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். அதற்குக் காசு கிடையாது. நோட்பேட்++ என்ற மென்பொருளை டான் ஹோ 2003-இல் இலவசமாக வெளியிட்டார், இன்றும் இலவசம்தான். வெறும் எழுத்தைத் திறக்கும், திருத்தும், சேமிக்கும். அது போதும்.

ஏன் போதும் என்பதைப் புரிந்துகொள். கோப்பின் பெயர் என்பது எழுத்து. எண்ணூறு பெயர் என்பது எண்ணூறு வரி எழுத்து. அந்த எண்ணூறு வரியும் உன் எடிட்டரில் ஒரே பக்கமாகத் திறந்துவிட்டால், நீ கோப்புகளோடு மல்லுக்கட்டவில்லை, ஒரு பக்கத்தைத் திருத்துகிறாய். பக்கத்தைத் திருத்த உனக்குத் தெரியும்.

செய்முறையைச் சொல்கிறேன், கையோடு செய். முதலில் படங்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறு டிரைவில் வை. இதைச் செய்யாதவன் அடுத்த வரியைப் படிக்க வேண்டாம். பிறகு ஃபோல்டரின் மேலே இருக்கும் முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடி. கறுப்புத் திரை வரும். பயப்படாதே, அது சொன்னதை மட்டும் செய்யும் வேலையாள். அங்கே 'டிர்' கட்டளையை '/பி' சேர்த்துக் கொடுத்தால் வெறும் பெயர்கள் மட்டும் வரிசையாக வரும். பின்னால் > என்ற குறியும் ஒரு கோப்பின் பெயரும் போட்டால், திரையில் வராமல் அந்தக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பட்டியல் கோப்பைப் படங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்தால் அதன் பெயரும் பட்டியலில் சேர்ந்துவிடும். எனவே வெளியே வை.

இப்போது பட்டியலை எடிட்டரில் திற. இடது ஓரத்தில் வரி எண் தெரியும். பெயர் இருக்கும் கடைசி வரியின் எண் என்ன என்று பார். பள்ளி கொடுத்த எக்செல் பட்டியலில் எத்தனை பேர் என்று பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மேலே நகர வேண்டும். எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பையன் கண்ணை மூடியிருப்பான், போட்டோகிராபர் அவனை இரண்டு தடவை எடுத்திருப்பார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் அன்றைக்கு வந்திருக்க மாட்டாள். ஒரு படம் கூடுதல், ஒரு ஆள் குறைவு. கூட்டல் கழித்தலில் மொத்தக் கணக்கு சரியாகவே வரும்! ஆனால் கண் மூடிய பையனிலிருந்து வராத பெண் வரைக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் முந்தைய பிள்ளையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மொத்தத்தை மட்டும் நம்பாதே. ஒவ்வொரு வகுப்பின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் திறந்து, எந்த வரியில் எந்த முகம் என்று சரிபார். இந்த இடத்தில்தான் உன் பொறுமை தேவைப்படுகிறது. ஒரு சிறுமியின் கழுத்தில் இன்னொருத்தியின் முகம் தொங்கினால் வகுப்பே சிரிக்கும். அவள் அந்த வருஷம் முழுக்க அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடப்பாள். விரல் தட்டும் வேலையை மிஷினிடம் கொடு, முகத்தைப் பார்க்கும் வேலையை நீ வைத்துக்கொள்.

வரிசை சரியாகிவிட்டதா? பழைய பெயர்களை எக்செலில் முதல் கட்டத்தில் ஒட்டு, சேர்க்கை எண்களைப் பக்கத்துக் கட்டத்தில் ஒட்டு. ஒட்டும் முன் அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடு. இல்லையென்றால் 0042 என்ற எண்ணை எக்செல் 42 ஆக்கிவிடும், முன்னால் இருக்கும் சுழியங்கள் போய்விடும். இரண்டு கட்டங்களையும் சேர்த்து நகலெடுத்து எடிட்டரில் ஒட்டினால், ஒவ்வொரு வரியிலும் பழைய பெயர், ஒரு டேப் இடைவெளி, புதிய எண் என்று நிற்கும்.

அடுத்தது கண்ட்ரோல் ஹெச். தேடு, மாற்று என்ற சிறு பெட்டி திறக்கும். கீழே 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்பதைத் தேர்ந்தெடு. பக்கத்தில் 'டாட் மேட்சஸ் நியூலைன்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கக் கூடாது. தேடும் இடத்தில் ^(.*) என்று போட்டு, ஒரு டேப் ஒட்டி, (.*)$ என்று முடி. பார்த்ததும் மிரளாதே. ^ என்றால் வரியின் தொடக்கம். $ என்றால் வரியின் முடிவு. புள்ளி என்றால் ஏதோ ஒரு எழுத்து, நட்சத்திரம் என்றால் எத்தனை வந்தாலும் சரி. அடைப்புக்குறி போட்டால் "இதைப் பிடித்து வைத்துக்கொள்" என்று பொருள். போடியில் ஏலக்காய்க் கடையில் சல்லடை பார்த்திருப்பாய். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் மேலே நிற்கும், மற்றது கீழே விழும். ஒவ்வொரு காயையும் யாரும் கையில் எடுத்து அளப்பதில்லை, அளவை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இந்தக் குறிகளும் அப்படித்தான். எந்த வடிவத்தில் இருப்பது வேண்டும் என்று ஒரு தடவை சொல்கிறாய், எண்ணூறு வரியும் அதன் வழியாக ஓடுகிறது.

மாற்றும் இடத்தில், ரென் என்ற கட்டளை, பிறகு மேற்கோள்குறிக்குள் "\1", பிறகு மேற்கோள்குறிக்குள் "\2", அந்த இரண்டாவதன் உள்ளேயே ஜேபிஜி என்ற பின்னொட்டு. \1 என்பது முதல் அடைப்புக்குறி பிடித்து வைத்த பழைய பெயர், \2 என்பது இரண்டாவது பிடித்து வைத்த புதிய எண். 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை அழுத்து. கண்ணிமைக்கும் நேரத்தில் எண்ணூறு வரியும் எண்ணூறு கட்டளையாக நிற்கும். அவசரப்பட்டு ஓட்டிவிடாதே. மேலிருந்து கீழாக ஒரு தடவை உருட்டிப் பார். ஏதாவது வரி ஒழுங்கில்லாமல் துருத்திக்கொண்டு நின்றால் உன் கண்ணுக்கு உடனே தெரியும். டெக்ஸ்ட் எடிட்டரை நான் உயர்த்திப் பேசுவதற்கு இதுதான் காரணம். பெயர் மாற்றவென்றே வரும் மென்பொருள்கள் பல உண்டு, அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் நடக்கப்போவது முழுவதையும் நடப்பதற்கு முன்பே எழுத்தாக உன் முன் விரித்து வைப்பது எடிட்டர். பார்த்துத் திருப்தியானால் பேட் என்ற பின்னொட்டோடு அந்தப் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் சேமி, இரண்டு தடவை கிளிக் செய். முடிந்தது.

என்ன செய்தாய் தெரிகிறதா? நிரல் எழுதியிருக்கிறாய்! எண்ணூறு வரி நிரல். அதை உன் கையால் தட்டாமல், இன்னொரு வரியைக் கொண்டு எழுத வைத்திருக்கிறாய். இந்தக் குறிகளின் பின்னால் இருப்பவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அந்த நட்சத்திரக் குறி ஸ்டீபன் கிளீனி என்ற கணிதவியலாளரின் ஆய்விலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் இருந்த கென் தாம்சன் 1968-இல் எழுதிய கட்டுரையில் இந்த வகைத் தேடலைக் கம்ப்யூட்டரில் விரைவாக ஓட்டும் வழியைச் சொன்னார், எடிட்டருக்குள்ளும் அதைக் கொண்டுவந்தார். பின்னால் யூனிக்ஸை உருவாக்கியதும் அவரும் டென்னிஸ் ரிட்சியும்தான். அவர் கையாண்ட அதே கருவியை இன்று நீ சின்னமனூரில் உட்கார்ந்து ஓட்டுகிறாய். அவர் உன்னிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

போடிக்கு ரயில் மறுபடி வரப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்றது, புதிய பாதையில் ரயில் 2022 மே மாதம் தேனி வரை ஓடியது, 2023 ஜூனில்தான் போடியைத் தொட்டது. பாதை போட ஊர் காத்திருக்கத்தான் வேண்டும், தண்டவாளம் நம் கையில் இல்லை. ஆனால் இந்தப் பாதைக்கு நீ யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. "தேனியில என்ன இருக்கு, சென்னைக்குப் போனாத்தான் கத்துக்க முடியும்" என்று இனியும் யாராவது சொன்னால் நிமிர்ந்து மறுத்துப் பேசு. சென்னைக்காரன் திறக்கும் எடிட்டரும் நீ திறக்கும் எடிட்டரும் ஒன்றுதான். அவனுக்கு ஒரு நட்சத்திரம், உனக்கு அரை நட்சத்திரம் என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

தமிழில் பெயர் வைக்கப் போகும்போது சோதனை வரும், அதைத் தாண்டியே ஆக வேண்டும். அதற்கு முன் பெயர் மோதும் சிக்கலைப் பார்த்துவிடு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா. இரண்டு கேமராக்களில் இரண்டு பேர் படம் எடுக்கிறார்கள். கேமராக்கள் பெயர் வைப்பதற்கு டிசிஎஃப் என்று ஒரு பொது விதி இருக்கிறது: முதலில் நான்கு எழுத்து, பிறகு நான்கு இலக்கம், 0001 முதல் 9999 வரை. ஆகவே ஒரே கம்பெனி கேமரா இரண்டு இருந்தால் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படங்கள் இருக்கலாம். இதிலே அக்கினிச் சட்டி, அதிலே தேர். ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். அதனால் கொட்டும் முன்பே ஒவ்வொரு கேமராவின் பட்டியலிலும் வரித் தொடக்கத்தில் ஒரு அடையாளம் சேர்த்துவிடு. இன்னொன்றையும் கவனி: 9999 முடிந்ததும் கேமரா மறுபடி 0001-இல் தொடங்கும். காலையில் எடுத்தது 9980, மத்தியானம் எடுத்தது 0015. பெயர்வாரியாக அடுக்கினால் மத்தியானம் காலைக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படிப்பட்ட நாளில் நேரவாரியாகப் பட்டியல் எடு.

சரி, அந்தப் படங்களுக்கு 'வீரபாண்டி_அக்கினிச்சட்டி_001' என்று தமிழிலேயே பெயர் வைக்கிறாய். அடுத்த வருஷம் அந்தப் பட்டியலை டிர் கட்டளையால் எடுக்கிறாய். எழுத்தெல்லாம் போய் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கின்றன. உடனே, "தமிழ்னா இப்பிடித்தான்ப்பா, இங்கிலீஷ்ல வச்சிரு" என்று பக்கத்து மேசைக்காரர் சொல்வார். கேட்காதே! கோப்புகளின் பெயர் பத்திரமாகவே இருக்கிறது. கறுப்புத் திரைதான் பழைய எழுத்து அட்டவணையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிஎச்சிபி என்று தட்டி, இடம் விட்டு 65001 என்று கொடு. திரை யூடிஎஃப்-8 முறைக்கு மாறும். பட்டியலை மறுபடி எடு, தமிழ் முழுசாக வரும். நீ எழுதும் பேட் கோப்பின் முதல் வரியிலும் அதையே வை, கோப்பைப் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமி. பிஓஎம் என்ற மறைவான குறி கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டால் முதல் வரி ஓடாது.

இந்த இடத்தில் தோற்றுப்போய் ஆங்கிலத்துக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமும் கோபமும் ஒன்றாக வரும். ஏனென்றால் இந்த எழுத்து இந்தத் திரைக்குச் சும்மா வரவில்லை. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது, ஆனால் அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வந்து சேர வருஷக்கணக்கானது. அதுவரைக்கும் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். ஒருவர் அனுப்பியது இன்னொருவருக்குக் கிறுக்கலாகத் தெரியும். அந்த நாளில், 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அந்தத் திட்டம் கோப்புகளுக்குப் பெயர் வைத்த முறையைப் பார்: ஒவ்வொரு நூலுக்கும் நான்கு இலக்க எண், முன்னால் சுழியங்கள் சேர்த்து. 0001 திருக்குறள். குறியேற்றம் டிஸ்கி என்ற பழைய முறையிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோதும் எண் மாறவில்லை, யூனிகோடு என்று காட்ட மூன்று எழுத்துதான் கூடியது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எந்த நூலும் தொலையாமல் தேடினால் கிடைக்கிறது.

அந்தச் சுழியங்களை நீயும் பிடித்துக்கொள். 1, 2, 3 என்று பெயர் வைத்தால் ஃபோல்டர் சன்னலில் ஒழுங்காகத் தெரியும். டிர் கட்டளையில் 1, 10, 100, 11 என்று வந்து நிற்கும், ஏனென்றால் அது எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. அந்த வரிசையை நம்பிப் பக்கத்தில் பெயர்ப் பட்டியலை ஒட்டினால் எல்லாம் குழம்பும். 001, 002 என்று வைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே வரிசைதான். நோட்பேட்++ எடிட்டரில் ஆல்ட் விசையோடு சி அழுத்தினால் வரும் பெட்டியில், முன்சுழியத்தோடு எண்களைத் தானாக இறக்கும் வசதி இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வழி இன்னும் குறுக்கு. ஜோயி ஹெஸ் தொகுத்த மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் விடிர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஃபோல்டரையே எடிட்டரில் திறந்து காட்டும், பெயரைத் திருத்திச் சேமித்தால் கோப்பின் பெயரே மாறிவிடும். வரியை அழித்தால் கோப்பும் அழியும், அதை மறக்காதே. ஈமாக்ஸிலும் இதற்கென்று ஒரு வசதி உண்டு. கையால் கட்டளை எழுதினால் கவனம்: விண்டோஸின் ரென், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மறுத்துவிடும். லினக்ஸின் எம்வி பெரும்பாலும் கேட்காமல் பழையதன் மேல் எழுதிவிடும். அதைத் தடுக்கும் குறி -என், அதைச் சேர்த்துக்கொள்.

இப்படிப்பட்ட கருவிகளைக் கொடுத்த மனிதர்களில் ஒருவரைச் சொல்கிறேன். விம் என்ற எடிட்டரை 1991-இல் வெளியிட்டார் பிராம் மூலனார். காசு கேட்கவில்லை. பிடித்திருந்தால் உகாண்டாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 2023 ஆகஸ்டில் காலமாகும் வரை அதைப் பராமரித்தார். நீ யாருடைய தயவிலும் இல்லை. இந்த மனிதர்கள் உனக்கென்று விட்டுப்போன சொத்தை எடுத்துப் பயன்படுத்துகிறாய். தலை நிமிர்ந்து பயன்படுத்து. யாரோ உடைத்துக் கொடுத்த திருட்டு மென்பொருளைத் தேடி வைரஸோடு வீட்டுக்கு வராதே.

பெயர் மாற்றும் வேலை முடிந்ததும் இன்னொன்று செய். எக்செலிலிருந்து அதே இரண்டு கட்டங்களையும் மறுபடி எடிட்டரில் ஒட்டு. மாற்றும் இடத்தில் \1 இருந்த இடத்தில் \2 போட்டு ஜேபிஜியையும் அங்கே சேர்த்து, \2 இருந்த இடத்தில் \1 போட்டு, இன்னொரு கோப்பை உருவாக்கு. முதல் கோப்பு செய்ததை முழுக்கத் திருப்பிப் போடும் கோப்பு அது. இரண்டையும் தேதி போட்டு அந்தப் பள்ளியின் ஃபோல்டரில் வை. ஆறு மாதம் கழித்து, "இந்த எண்ணுக்கு எந்தப் படம் எடுத்தீங்க?" என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தால், ஓனர் போனை உன்னிடம்தான் நீட்டுவார்.

அப்போதாவது கூலி பேசு. இரவு பத்து மணி வரை உட்கார்ந்ததற்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தால், அரைமணியில் முடித்ததற்கு உனக்குக் குறைத்துக் கொடுப்பார்கள். திறமை கூடக்கூட வருமானம் குறைகிற கணக்கு அது, அதில் மாட்டாதே. மணிக்கணக்கை விடு. ஒரு அட்டைக்கு இவ்வளவு, முகமும் எண்ணும் பொருந்துவதற்கு நான் பொறுப்பு, தப்பு வந்தால் என் செலவில் மறுபடி அடித்துத் தருகிறேன் என்று சொல். கம்பம், கூடலூர், பெரியகுளம் ஸ்டுடியோக்களுக்கும் இதே வார்த்தையைச் சொல்லி வேலை கேள். இந்த வாரமே பத்துப் படங்களைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து ஒத்திகை பார்த்துவிடு. பத்தில் சரியாக வந்தால் எண்ணூறிலும் வரும், குறிகள் மாறப்போவதில்லை.